முதுகில் விட்டுப்போன தையல்

மகனே,

இவ்விடம் யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு முறை. கோட்டையில் பிறருக்காக நான் எழுதிக் கொடுத்த கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின. அவற்றில் பாதி சாவுச் செய்திகள். உனக்கு எழுதும்போது அந்த ஒரு பொய்யையாவது விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். இங்கே யாரும் சுகமாக இல்லை. உன் மகள் பிறந்தாள். பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே போய்விட்டாள். இது உனக்குத் தெரியும். முந்தைய கப்பலில் நீ வேலை செய்யும் பத்தாவியாவுக்கு வந்த நம் ஊர் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். கிரகணத்தன்று உன் மனைவி கங்கம்மா வலைக்கயிற்றை அறுத்தாள், அதனால்தான் குழந்தை முதுகு பிளந்து பிறந்தது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு நீ அனுப்பிய பதில் இந்தக் கப்பலில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவன் கரையில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "பெரீப்பா, அவள அவுங்க ஊட்டாண்ட பசியாவரத்துல கொண்டும்போயி உட்டுடச் சொன்னான். அவன் வந்து வேற பாத்துக்கறானாம்" என்றான். உன் பேச்சில் ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்ட பெருமை அவன் முகத்தில் தெரிந்தது.

சிந்தாமல் கொண்டுவருவது எனக்கும் தொழில். ஒல்லாந்திலிருந்து வந்த உலாந்தாக்காரர் கோட்டைக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்லியே பிழைத்துவிட்டேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது, "நைனா, நம்மாளு அவன திட்டுனா அத்தயும் சொல்லுவியா?" என்று கேட்டாய். சொல்லுவேன் என்றேன். கொஞ்ச நாளிலேயே நம் பெரியதனக்காரர் கோட்டைத் துரையின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் அதை மரியாதை குறையாமல், பொருளும் குறையாமல் மாற்றிச் சொன்னேன். அந்தப் பருவம் முழுக்க நம் மீன் கோட்டைக்குள் போகவில்லை, ஊர் என்னைத் திட்டியது, நீ மட்டும் பெருமைப்பட்டாய். அந்தப் பழைய பெருமையை நம்பி மேலே படி. கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் அந்த முறையை மீறினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உன் மகள். ஊர் உனக்கு அவள் முதுகை மட்டும்தான் சொல்லியிருக்கும். அவளுக்கு முகமும் இருந்தது. உன் நெற்றி, கங்கம்மாவின் வாய். தலை நிறைய முடி. பால் நன்றாகக் குடித்தாள். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு திருப்பித் தர மாட்டாள். அந்த விஷயத்தில் கும்பினிக்காரி. தும்மினால் தன் தும்மலுக்குத் தானே பயந்தாள். முதுகின் அடியில், இடுப்பை ஒட்டி, எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். மீன் வயிற்றைக் கிழித்தால் உள்ளே ஒரு காற்றுப்பை இருக்குமே, அவ்வளவு மெல்லிய தோல். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே தண்ணீர் தெரிந்தது. அந்த வீக்கத்துக்குக் கீழே அவள் உடம்பு அவளுக்குத் தெரியவில்லை. கால்கள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. கங்கம்மா தினமும் அந்த உள்ளங்கால்களைக் கூசவைத்துப் பார்த்தாள். "இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி சிரிப்பா" என்றாள். முதுகு எதிலும் படக் கூடாது என்று குழந்தையைத் தன் மார்மேல் குப்புறப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் படுத்து நான் பார்க்கவில்லை.

வீக்கத்தின் அடியில் குதிரைமயிரால் இறுக்கிக் கட்டிவிட்டால் தானாக உதிர்ந்துவிடும் என்றாள் மருத்துவச்சி. நான் கோட்டை வைத்தியனைக் கூட்டிவந்தேன். அவனை உனக்குத் தெரியும், எதைக் காட்டினாலும் வெட்டுகிறவன். ஆனால் குழந்தையைத் திருப்பிப் பார்த்ததும் கத்திப் பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். "கத்தி வேண்டாம். கயிறு வேண்டாம். அம்மா மடி, போதும்" என்றான், நான் மாற்றிச் சொல்லத் தேவையில்லாத தமிழில். பிறகு தன் பாஷையில், இப்படிப் பிறந்த குழந்தைகளைப் பற்றித் தன் ஊரில் படித்திருப்பதாகவும், வீக்கத்தைக் கட்டியும் அறுத்தும் பார்த்தவர்கள் உடனே பறிகொடுத்தார்கள் என்றும் சொன்னான். கட்டாதவர்கள்? என்று கேட்டேன். கொஞ்சம் தாமதமாக, என்றான். அதைக் கங்கம்மாவுக்கு மாற்றிச் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கொஞ்சத்தை வீணாக்காமல் குழந்தைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். தோல் கசிந்தது, காய்ச்சல் வந்தது, வலிப்பு வந்தது. கடைசி வரை அந்தக் கால்கள் மட்டும் அமைதியாக இருந்தன.

புதைத்து முடித்ததும் காரணம் தேடும் வேலை தொடங்கியது. நம் ஊர் சோறில்லாமல் இருந்துவிடும், காரணம் இல்லாமல் இருக்காது. கோட்டைப் பாதிரி ஆதியில் ஒரு தம்பதி தின்ற பழத்தைக் காரணம் சொன்னார். சோதிடர் இதைத் தான் முன்பே கணித்திருந்ததாகச் சொன்னார். எங்களைக் கலங்கவைக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாராம். ஆனால் ஊர் முதலில் யார்மேல் கை நீட்டியது என்பதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன்மேல்தான்.

நம் கரையில் சலங்கு தைப்பவர்களுக்கு உள்ள கட்டு உனக்குத் தெரியும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கேற்றிப் போகும் அந்தப் படகில் ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால்தான் தைக்கிறோம். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் தையல் போடலாம். பழைய தையலைப் பிரிக்கக் கூடாது. கங்கம்மாவுக்கு வாந்தி நின்று வயிறு தெரிய ஆரம்பித்த நேரத்தில், துணி ஏற்றக் கப்பல் காத்திருக்கிறது என்று கோட்டையில் அவசரப்படுத்தினார்கள். நீ ஒரு சலங்கின் அடித்தையல் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைத்தாய். ஊரே நின்று பார்த்தது. அன்றைக்கு யாருக்கும் அது குற்றமாகப் படவில்லை. கூலி எல்லோருக்கும் கிடைத்தது. குழந்தை போன பிறகுதான் கட்டு நினைவுக்கு வந்தது.

"அவன் பிரிச்சான், புள்ள பிரிஞ்சி பொறந்திச்சி. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?" என்றார் பெரியதனக்காரர்.

"இன்னுமே அவன் தைச்சதுல நான் கால் வெக்க மாட்டேம்பா. எனக்கும் புள்ளகுட்டி கீது" என்றான் ஒருவன்.

"இன்னா துபாசி, வாயத் தொறக்க மாட்டேன்ற? உலாந்தா பாசையிலதான் பேசுவியா?" என்றான் இன்னொருவன்.

எனக்கு எந்த பாஷையும் வரவில்லை. உன் தொழில் என் கண்ணெதிரே தரைதட்டிக்கொண்டிருந்தது. நீ சொந்தமாக ஒரு சலங்கு வாங்கக் காசு சேர்க்கத்தான் கப்பல் ஏறினாய். வாங்கி யாரை ஏற்றுவாய்? அப்போது கங்கம்மா வெளியே வந்தாள். பால் கட்டி மாராப்பெல்லாம் நனைந்திருந்தது. "அவுரு மேல பழி போடாதீங்க. கெரகணத்தன்னிக்கி நான்தான் வலைக்கவுற அறுத்தேன். பல்லால கடிச்சி அறுத்தேன்" என்றாள். ஊருக்கு வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு ஆம்பளையின் தொழில் போகாமல், ஒரு சலங்கு வீணாகாமல், காரணம் கையில் கிடைத்துவிட்டது. திட்டிவிட்டுக் கலைந்தார்கள். அந்தத் திட்டுதான் கப்பலேறி உன்னிடம் வந்தது.

அவள் சொன்னது பொய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். கிரகணத்தன்று நீ கப்பலேறிக் கடலில் இருந்தாய். நான் நாலு பாஷைப் புத்தகம் படித்தவன், இதையெல்லாம் கேலி செய்கிறவன். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துகொண்டேன். நம்பாதவனும் அன்றைக்குக் கதவைத் திறந்து வைப்பதில்லை. அவள் பாயில் மல்லாந்து கிடந்தாள். பாதியில், "மாமா, மூக்கு அரிக்கிது. சொறிஞ்சிக்கட்டா?" என்று கேட்டாள். நான் யோசித்து, எதற்கும் வேண்டாம் என்றேன். கிரகணம் விடும் வரை, கண்ணில் தண்ணீர் வழிய, அவள் மூக்கைச் சொறியவில்லை. அப்படிப்பட்டவள் கயிற்றைக் கடித்து அறுத்தாளாம்.

கூட்டம் போன பிறகு கேட்டேன். "ஏம்மா பொய் சொன்ன? நான் பக்கத்துலயே தான ஒக்காந்துகினு இருந்தேன்?"

"எனக்கு இன்னா மாமா போவுது? என்ன ரெண்டு மழ வரைக்கும் திட்டுவாங்க. அப்பறம் வேற ஒருத்தி கெடைப்பா. அவுரு பிரிச்சதாலன்னு நின்னுட்சின்னா, காலத்துக்கும் அவுரு கையி தைச்சதுல ஒருத்தன் ஏற மாட்டான்."

பிறகு, என்னைப் பார்க்காமல், "மாமா, ஒருவேள அவுரு பிரிச்சதாலதானோ?" என்றாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் உன்னைக் காப்பாற்றியது நீ குற்றமற்றவன் என்று நம்பி அல்ல. குற்றம் உன்னுடையதாகவே இருந்தாலும் சுமந்துகொள்ளலாம் என்றுதான். அந்தச் சந்தேகத்தோடு அவளை விட மனமில்லாமல் மறுநாள் வைத்தியனிடம் போனேன். முதுகு எப்போது பிளக்கிறது என்று கேட்டேன். பிளப்பதில்லை, மூடாமல் விட்டுப்போகிறது என்றான். எப்போது மூட வேண்டும் என்று கேட்டேன். உங்கள் வீட்டில் அடைகாக்கும் கோழி இருக்கிறதா என்று கேட்டான். குடித்திருக்கிறான் என்று நினைத்தேன். குடித்துத்தான் இருந்தான், ஆனால் கேள்வி சரியான கேள்வி.

கங்கம்மா வேறு வேறு நாளில் அடை வைத்த முட்டைகளில் மூன்றைப் புடவைத் தலைப்பில் பொதிந்துகொண்டு என்னோடு வந்தாள். வைத்தியன் கும்பினிக் கிட்டங்கியிலிருந்து துணியில் இழை எண்ணுகிற கண்ணாடியை இரவல் வாங்கிவைத்திருந்தான். இழை குறைகிறது என்று நெசவாளர்களின் வயிற்றில் அடிப்பதைத் தவிர அந்தக் கண்ணாடிக்கு வேறு உபயோகமும் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். அடை வைத்து ஒரு நாள் ஆன முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் உடைத்தான். மஞ்சளின்மேல் ஒரு வெள்ளை வட்டம், அதன் நடுவில் அரிசியளவு ஒரு கோடு. கண்ணாடி வழியே பார்த்தால் அது கோடு அல்ல, வாய்க்கால். இரண்டு பக்கமும் கரை எழும்பி நின்றது. இரண்டாம் நாளின் முட்டையை உடைத்தான். இரண்டு கரைகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, நடுவில் ஒட்டி, குழாயாக மூடியிருந்தன. இரண்டு முனைகள் மட்டும் இன்னும் திறந்திருந்தன. அந்தக் குழாய்தான் பிறகு மூளையும் முதுகுத்தண்டின் நரம்பும் ஆகிறதாம். மேல்முனை மூடாவிட்டால் தலை மூடுவதில்லை. கீழ்முனை மூடாவிட்டால் முதுகு.

கங்கம்மா நெடுநேரம் கண்ணாடியை விடவில்லை. "சலங்கு மாதிரியே கீது மாமா. நடுவுல சேந்துட்சி, முனையிலதான் பாக்கி" என்றாள். பிறகு, "இத்த யாரு தைக்கறாங்க?" என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். தெரியாது என்றான். ஏன் சிலருக்கு மூடுவதில்லை என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றான். இத்தனை பேர் இத்தனை காரணம் சொன்னதில் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த ஒரு பதிலின்மேல்தான். உண்மையான காரணம் தெரியும் காலம் வந்தால், இவ்வளவு சாதாரணமானதா என்று அப்போது இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். நாம் அதைப் பார்க்கப் போவதில்லை. மூன்றாவது முட்டையைக் கங்கம்மா உடைக்க விடவில்லை. "நாம பாக்கறதுக்கு ஒரு உசுரு போவணுமா?" என்று தலைப்பில் திரும்பப் பொதிந்துகொண்டாள். அது இப்போது சேவல். விடிவதற்கு முன்பே கூவி ஊரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்.

வழியில் கணக்குப் போட்டுச் சொன்னேன். கோழிக்குஞ்சுக்கு மூன்று வாரம். தையல் இரண்டாம் நாளில் முடிகிறது. மனிதருக்குப் பத்து மாதம். அதே விகிதம் என்றால் முதல் மாதத்துக்குள். நாள் தள்ளிப்போனது என்று அவளுக்கே தெரிவதற்கு முன்னால். நீ சலங்கைப் பிரித்ததும் கிரகணம் பிடித்ததும் அதற்கு எவ்வளவோ பிற்பாடு. நீ அந்தச் சலங்கைத் தொடும்போதே உன் மகளின் முதுகு அப்படித்தான் இருந்தது. இதைக் கேட்டு அவள் மனம் ஆறும் என்று நினைத்தேன். அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நான் இன்னா பண்ணிகினு இருந்தேன் மாமா?" என்றாள். தானே நினைத்துப் பார்த்துச் சொன்னாள். அந்த நாட்களில் அவள் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீயும் கூட இறங்கினாய். வாயில் கடித்திருந்த ஓலைப்பறிக் கூடையைச் சிரித்துத் தொலைத்தாய், அத்தனை இறாலும் போயிற்று. "நாங்க சிரிச்சிகினு இருந்தோம் மாமா. தெரிஞ்சிருந்தா நான் அசையாம படுத்துகினு இருப்பேனே" என்றாள். படுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஆறுதலா இன்னொரு அடியா என்று தெரியாததால் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு முன்னால் உன் அம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. தலையின் மேல்பக்கம் மூடவில்லை, மூச்சும் விடவில்லை. அப்போது ஊர் கண்டுபிடித்த காரணம், அவள் மசக்கையில் நண்டு தின்றது. அதற்குப் பிறகு அவள் நண்டைத் தொட்டதில்லை. உன் அம்மாவுக்கு நண்டு பிடிக்காது என்றுதானே நீ இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாய்? உலகத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான். வைத்தியன் மேல்முனை என்று சொன்னபோது எனக்கு அந்தப் பிள்ளையின் தலை கண்ணில் வந்து நின்றது. மேல்முனை என் முதல் மகனுக்கு, கீழ்முனை உன் மகளுக்கு. வீட்டை விட்டு யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், விட்டுப்போன தையல் ஒருவேளை என் வழியாகத்தான் வருகிறதோ என்னவோ, என்னை அனுப்பு. பசியாவரத்தில் நான் பிழைத்துக்கொள்வேன். அங்கே மீன் நன்றாக இருக்கும்.

கங்கம்மாவை அனுப்பச் சொல்லி முதலில் கத்தியவளும் உன் அம்மாதான். முட்டை, கண்ணாடி, கணக்கு எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் போன வாரம் சந்தையிலிருந்து நண்டு வாங்கிவந்தாள். குழம்பு வைத்தாள். கங்கம்மாவுக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். கண்ணீர் வழிய வழியத் தின்றாள். என்னடி என்று கேட்டேன். "காரம்" என்றாள். அந்தக் காரம் முப்பது வருஷத்துக் காரம் என்று எனக்கும் தெரியும், கங்கம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் ஓடுகளை ஒரே தட்டில் போட்டார்கள்.

இனி நான் மீறிய இடம். உன் பதிலைக் கரையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கங்கம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "மாமா, அவுரு இன்னா சொல்லி உட்டாரு?" என்றாள். வாழ்நாள் முழுக்கப் பிறர் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னவன், என் மகனின் பேச்சை மாற்றிச் சொன்னேன். "புள்ளைக்கு இன்னா பேரு வெச்சீங்கன்னு கேட்டிருக்கான்" என்றேன். நாங்கள் யாரும் பெயர் வைக்கவில்லை, நாள் வரவில்லையே. ஆனால் அவள் வைத்திருந்தாள். மார்மேல் போட்டுக்கொண்டு அந்தப் பெயரால்தான் ரகசியமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீ அதைக் கேட்டாய் என்பதற்காக, குழந்தை போன பிறகு முதல்முறையாக வயிறாரச் சோறு தின்றாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீ வந்து அவளையே கேள். நான் சொன்ன பொய்யை உண்மையாக்க உன்னால் மட்டும்தான் முடியும். வரவில்லை என்றாலும் அவள் இந்த வீட்டில்தான் இருப்பாள். அப்போது நீதான் இந்த வீட்டுக்கு வெளியாள்.

கடிதத்தை மெழுகு வைத்து மூடப் போகிறேன். காற்று தெற்கே திரும்பிவிட்டது, அலை பெரிதாக இருக்கிறது. சரக்கோடு இதையும் கப்பலுக்குக் கொண்டுபோகிறது நீ பிரித்துத் தைத்த அதே சலங்குதான். உன் தையலில் கால் வைக்க மாட்டேன் என்றவன்தான் அதில் துடுப்புப் போடுகிறான். கடிதம் நனைந்துவிடுமோ என்று கங்கம்மாவைக் கேட்டேன். அவள் வலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நனையாது மாமா. அவுரு தைச்சது."